நிலைவாசலின் முகவரி: தோரணம், காப்புக்கட்டு, மலர்வளையம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 31, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் அன்று தீபாவளி. கர்நாடகத்தில் நரக சதுர்த்தசி. மேலைநாட்டு நாட்காட்டியில் அதே நாள் ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவம். அதற்கடுத்த நாள் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள். இந்த மூன்று நாட்களும் ஒன்றாக வந்து சேரும் ஊர் எது என்று தேடினால் அத்திபெலேயைச் சொல்லலாம். பெங்களூருவிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை ஊர். அதைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்ககங்களாகி வருகின்றன. பெங்களூருவின் அடுக்ககங்களில் ஹாலோவீன் இரவில் குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பதும், கதவில் வீட்டிலேயே செய்த வளையத்தைத் தொங்கவிடுவதும் இன்று புதுமையல்ல. காய்ந்த கொடியை வட்டமாக வளைத்து, அதில் சருகும் கறுப்பு நாடாவும் காகித வௌவாலும் சிறு பரங்கிப் பிஞ்சும் கோத்துச் செய்யும் வளையம் அது.

ஒவ்வோர் அக்டோபரிலும் இதையொட்டிச் சமூக ஊடகங்களில் ஒரு சண்டை நடக்கிறது. அயல்நாட்டுப் பேய்த் திருவிழா நம் வாசலுக்கு எதற்கு என்பது ஒரு குரல். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது, மாவிலைத் தோரணம் உயிர்வளியைப் பெருக்குகிறது, முன்னோர் அறிவியல் அறிந்தே செய்தனர் என்பது மற்றொரு குரல். மரத்திலிருந்து பறித்து நூலில் கோத்த இலை வாடுமே தவிர வீட்டின் காற்றை மாற்றாது. அந்த வாதத்தை அவ்வளவில் விட்டுவிடலாம். இரண்டு குரல்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இது யாருடையது? வாசலில் தொங்கும் பொருளிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இது யாரை நோக்கித் தொங்குகிறது?

முதலில் ஒரு சொற்சிக்கல். கதவில் தொங்கும் அந்த வட்டத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது? அகராதி தரும் சொல் மலர்வளையம். ஆனால் வழக்குத் தமிழில் மலர்வளையத்துக்கு ஒரே இடம்தான் உண்டு: சாவு. தலைவர்களின் உடல்மீதும் நினைவிடத்திலும் வைக்கப்படுவது அது. 'மலர்வளையம் வைத்தார்' என்று நாளிதழில் கண்டால் யார் இறந்தார் என்றே வாசகர் தேடுவர். மாலைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மணமக்களுக்கும் மாலை, தெய்வத்துக்கும் மாலை, பிணத்துக்கும் மாலை. நீளமாகத் தொங்கினால் எல்லாருக்கும் பொது. வட்டமாக நின்றால் இறந்தவருக்கு மட்டும். ஐரோப்பிய இறுதிச்சடங்கு முறையோடு வந்து சேர்ந்த பொருள் என்பதால், அது வந்த வழியின் பொருளையே தன்னோடு வைத்துக்கொண்டது. ஆகவே ஹாலோவீன் வளையத்தைக் கண்டு ஒரு தமிழ் மூதாட்டி முகம் சுளித்தால், அதற்குக் காரணம் பேயாக இருக்க வேண்டியதில்லை. அந்த வட்டமே போதும்.

அவரது அச்சத்துக்கு மேலை வரலாற்றிலும் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சாவு நிகழ்ந்த வீட்டின் கதவில் கறுப்புத் துணியோ, கறுப்பு நாடா கட்டிய வளையமோ தொங்கவிடுவது வழக்கம். வருபவர் மணியை ஓங்கி அடிக்கக்கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. அதற்கும் வெகுமுன்பு, உரோமர்கள் விழாக்காலங்களில் வாசலை வாகை இலைகளாலும் விளக்குகளாலும் அணிசெய்தனர். கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறித்தவ எழுத்தாளர், சிலைவழிபாடு பற்றிய தம் நூலில் இதைக் கடுமையாகச் சாடுகிறார். பிறசமயத்தாரைவிடக் கிறித்தவர் வீடுகளில்தான் இலையும் விளக்கும் மிகுதி என்பது அவர் புலம்பல். கதவுக்கு ஒரு தெய்வம், கீலுக்கு ஒரு தெய்வம், வாசற்படிக்கு ஒரு தெய்வம் என்று உரோமர் வகுத்திருந்ததையும் அவர் பட்டியலிடுகிறார். வாசலில் இலை கட்டுபவன் அறிந்தோ அறியாமலோ அவற்றை வணங்குகிறான் என்பது அவர் வாதம். அயலார் விழாவை நம் வாசலில் ஏன் கட்டவேண்டும் என்ற அக்டோபர்ச் சண்டைக்கு வயது ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் என்பது இதனால் விளங்கும். அன்றும் மக்கள் எழுத்தாளர் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹாலோவீன் என்பதே ஒரு முன்னிரவின் பெயர். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலை அது. நவம்பர் 2 இறந்தோர் அனைவரின் நினைவுநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, மாலையிட்டு, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இந்த வரிசையின் மூன்றாம் நாளே. அந்த வகையில் பார்த்தால் ஹாலோவீனின் இரு உடன்பிறப்புகள் தமிழ் நிலத்தில் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. புதிதாக வந்தது மூத்த பிள்ளை மட்டும்.

அந்த வளையத்தில் கோக்கப்படும் பொருள்களின் பயணமும் இப்படித்தான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற குடியேறிகள் அங்கே எளிதில் கிடைத்த, குடைவதற்கு இலகுவான மஞ்சள் பூசணிக்கு மாறினர். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அதே காய் போர்த்துகீசியர் காலத்துக்குப் பின் தமிழகத்துக்கும் வந்தது. 'பரங்கிக்காய்' என்ற பெயரில் பரங்கியர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். ஆயினும் வாசலில் கண்ணேறு கழிக்கத் தமிழரும் கன்னடரும் எடுத்தது பரங்கியை அன்று. ஆசியக் காயான வெண்பூசணியை. அதன் சாம்பல் பூத்த தோலில் கறுப்பும் சிவப்புமாக மீசையும் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் தீட்டி, கட்டி முடியாத வீட்டின் முன்னும் புதிதாகத் திறந்த கடையின் முன்னும் தொங்கவிடுவர். ஆயுதபூசையன்று அதையே குங்குமம் தடவிச் சாலையில் உடைப்பர். அமெரிக்காவில் பூசணிக்கு முகம் செதுக்கியவரும், ஓசூர்ச் சாலையில் பூசணிக்கு முகம் தீட்டியவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொள்ளவும் இல்லை. தலையளவு பெரிய, உருண்டையான, மலிவான காய் எங்கே கிடைத்தாலும் மனிதர் அதில் ஒரு முகத்தைக் கண்டுவிடுகின்றனர் போலும்.

செண்டுமல்லியின் கதை இன்னும் விந்தை. ஆயுதபூசைக்கும் தீபாவளிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதித் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பெங்களூருச் சந்தைக்குச் செல்லும் மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூ அது. 'துலுக்கச் சாமந்தி' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அயலிலிருந்து வந்ததைக் குறிக்க அக்காலத் தமிழ் கையாண்ட அடைமொழி. அதன் பிறப்பிடம் மெக்சிகோ. அங்கே நவம்பர் முதலிரு நாட்களில், இறந்தோர் தம் வீட்டுக்கு வழி தவறாமல் வந்துசேர வேண்டும் என்று வாசல்வரை இப்பூவின் இதழ்களைத் தூவுகின்றனர். அதே பூவை, ஏறத்தாழ அதே பருவத்தில், இங்கே மாவிலையோடு கோத்துத் திருமகளை அழைக்க நிலையில் கட்டுகின்றனர். ஒரே செடி, ஒரே வேலை, வாசலைக் காட்டிக்கொடுப்பது. அழைக்கப்படுபவர் மட்டும் வேறு.

பேய்க்கு எதிராக வீட்டில் தழை செருகும் வழக்கத்தின் மிகப் பழைய தமிழ்ச் சான்று சங்க இலக்கியத்தில் இருக்கிறது. போரில் புண்பட்டு வீடு திரும்பிய வீரனைப் பேய் தீண்டிவிடாமல் மனைவி காப்பதைத் 'தொடாக்காஞ்சி' என்று தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலில் அந்த வீட்டுக் காட்சி வருகிறது. இரவ மரத்தின் தழையும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன, யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு சிதறப்படுகிறது, நறும்புகை எழுகிறது. 296ஆம் பாடலிலும் வேப்பங்கிளை ஒடிப்பதும் கடுகு புகைப்பதும் உண்டு. பேய்க்கு எதிரான இந்தக் கருவிகள் அனைத்தும் அடுக்களையிலும் கொல்லையிலும் கிடைப்பவை என்பதும், அவற்றைக் கையாள்பவர் பூசாரியன்றி மனைவியே என்பதும் கவனிக்கத்தக்கவை. நெடுநல்வாடையோ அரண்மனையின் நிலையைக் காட்டுகிறது. அங்கே உயர்ந்த நிலையில் வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசியிருக்கிறது. நிலையில் தெய்வம் உறைவதால் அவ்வாறு செய்தனர் என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார். ஒரே கடுகு, புண்பட்டவன் வீட்டில் பேயை விரட்டுகிறது. அரசன் வாயிலில் தெய்வத்துக்குப் படைக்கப்படுகிறது. வரவேற்பும் விலக்கும் பொருளில் இல்லை. எவர் வருகை எதிர்பார்க்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

தோரணம் என்ற சொல்லே இடம் பெயர்ந்த சொல். சாஞ்சியில் தூபியைச் சுற்றி நிற்கும் கல் வாயில்கள்தாம் தோரணங்கள். அங்கே அச்சொல் வாயிலைக் குறித்தது. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திரவிழாவுக்காக ஊரை அணிசெய்யுமாறு முரசறையும்போது தோரணம் கட்டிய வீதியும் பூரணகும்பமும் வாழையும் கரும்பும் பேசப்படுகின்றன. இன்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சொல்லின் முதற்பொருள் நிலையில் தொங்கும் இலைச்சரம். அத்திபெலேயில் எந்த மொழி பேசுபவரும் மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லாத சொற்களுள் அது ஒன்று. செய்முறையும் எளியது. மாவிலையின் காம்புப்பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, தென்னை ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்தினால் முடிந்தது. குருத்தோலைத் தோரணத்துக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். ஈழத்தமிழர் வழக்கில் ஓலையை மடிக்கையில் உருவாகும் குருவித்தலை மேல்நோக்கினால் மங்கலத் தோரணம். கீழ்நோக்கினால் அமங்கலத் தோரணம். தெருமுனையில் நிற்பவர் மடிப்பின் திசையைப் பார்த்தே மணவீடா சாவீடா என்று அறிந்துகொள்ளலாம். மடிப்புக்கு இலக்கணம் உண்டென்றால் அது எழுத்துதான்.

தோரணம் வாடியபின் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது கழற்றப்படுவதே இல்லை. அடுத்த பண்டிகைவரை சுருண்டு பழுப்பேறித் தொங்கும். ஆயுதபூசைக்குக் கட்டிய மாவிலை அக்டோபர் கடைசியில் சருகாகிக் கிடக்கும் காட்சி, வடஅமெரிக்க இலையுதிர்காலத்தைப் போலச் செய்ய முனைந்து கட்டிய ஹாலோவீன் வளையத்தைவிட இயல்பாகவே இருக்கும்.

ஆனால் ஹாலோவீன் வளையத்துக்கு உண்மையான உறவு தோரணம் அன்று, காப்புக்கட்டு. எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் தொடங்கிக் கொங்கு நாடெங்கும், மார்கழி முடிந்து தை பிறக்கும் தறுவாயில், போகியன்று இது நடக்கும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை ஆகியவற்றை ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டுவர். சில ஊர்களில் தும்பையும் பிரண்டையும் சேரும். வீட்டின் எரவாணத்தில், மாட்டுக்கொட்டகையில், கிணற்றடியில், வயலின் மூலையில் என்று அதைச் செருகிக்கொண்டே போவர். அழகுக்காகச் செய்வதன்று. ஆண்டின் ஒரு பருவம் முடிந்து மறு பருவம் தொடங்கும் இடைவெளியில் வேண்டாதது எதுவும் உள்ளே நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக வீட்டுக்கும் மாட்டுக்கும் நிலத்துக்கும் போடும் வேலி. அறுவடை முடிந்து இருள்காலம் தொடங்கும் விளிம்பில் ஆவிகள் உலவும் என்று பழைய அயர்லாந்து நம்பிய நாளே ஹாலோவீனின் வேர். பருவங்களின் மூட்டில் கதவு தளர்ந்திருக்கும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. 1909இல் வெளிவந்த தம் நூலில் வான் கென்னப் வாசற்படியைக் கொண்டே கடப்புச் சடங்குகளை விளக்கியது தற்செயலன்று. வீட்டின் வாசலும் ஆண்டின் வாசலும் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை.

காப்புக்கட்டின் செடிகளைப் பாருங்கள். வேம்பைத் தவிர ஏனையவற்றுள் பெரும்பாலானவை யாரும் நட்டு வளர்க்காதவை. பூளை வரப்பிலும் தரிசிலும் தானே முளைப்பது. ஆவாரை வறண்ட புறம்போக்கில் பூப்பது. காசு கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றுகூட இல்லாததால், நிலமற்றவர் குடிசையிலும் நிலக்கிழார் வீட்டிலும் ஒரே கட்டுத்தான் இருந்தது. புறம்போக்கு மனைப்பிரிவாகும்போது முதலில் மறைவது இந்தச் செடிகள். இப்போது நகரங்களில் போகிக்கு முந்தைய நாள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கட்டு இவ்வளவு என்று விலைக்கு வருகின்றன. நெகிழியில் வார்த்த மாவிலைத் தோரணம் ஆண்டு முழுவதும் விற்கிறது. ஹாலோவீன் வந்ததால் காப்புக்கட்டு அழிகிறது என்று வருந்துபவர்கள், பூளை முளைத்த நிலம் எங்கே போனது என்றும் கேட்டிருக்கலாம்.

வாசல் தழை நோய்க்காலத்தில் இன்னும் தெளிவாகப் பேசியது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகினால், அயலார் உள்ளே வரக்கூடாது என்று பொருள். ஆட்சியாளர் அறிவிப்பை எழுத்தறியாதவர் படிக்க முடியாது. வேப்பிலையை எல்லாரும் படித்தனர். 1898 ஆகஸ்டில் பெங்களூருவைக் கொள்ளைநோயான பிளேக் தாக்கியபின் நகரில் பிளேக் அம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. நெரிசலான பேட்டைகளுக்கு வெளியே பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய குடியிருப்புகள் விரிந்தன. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலை மட்டும் தன் வேலையை மறக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா அச்சம் பரவியபோது தமிழகத் தெருக்களில் மீண்டும் வாசல்தோறும் ஏறிக்கொண்டது.

பெங்களூரு தன் வாசல்களில் பேய்க்கென்றே நேரடியாக எழுதிய காலமும் உண்டு. 1990களில் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு வதந்தி பரவியது. இரவில் ஒரு பெண்பேய் கதவைத் தட்டும், வீட்டாருக்கு நெருங்கியவரின் குரலிலேயே அழைக்கும், திறந்தால் சாவு. மக்கள் கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளெ பா' என்று எழுதினர். நாளை வா என்பது பொருள். பேய் அதைப் படித்துத் திரும்பிப்போகும். மறுநாள் வந்து மறுபடியும் படிக்கும். போர்க்களத்தில் படைக்கலம் இழந்து நின்ற இராவணனுக்கு இராமன் கொடுத்த தவணையும் இந்த 'நாளை'தான். பகைவனையும் வாசலில் கடிந்து பேசாத மரபு போலும். மும்மொழி பேசும் ஊரில் பேய் எல்லா மொழியிலும் கூப்பிடும், ஆனால் கன்னடம் மட்டும் படிக்கும் என்பதை மொழியியலார் ஆராயலாம். இந்த வதந்தியைத் தழுவி எழுந்த 'ஸ்திரீ' என்ற இந்தித் திரைப்படம் 2018இல் வந்தபின், சுண்ணாம்பில் எழுதிய அச்சம் நாடு முழுவதும் வேடிக்கையாகியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1990இல், வடகிழக்குத் தாய்லாந்தில் கைம்பெண் பேய்கள் இளம் ஆண்களை உறக்கத்தில் கொல்வதாக அச்சம் எழுந்தது. அங்கே வீட்டு வாயில்களில் மரத்தால் செதுக்கிய ஆண்குறிகளைத் தொங்கவிட்டனர். வேலை தேடி ஊரைவிட்டுப் போன இளைஞர்கள் காரணமின்றி அயலூரில் இறந்த செய்திகளும், மாறிவரும் பெண்களின் நிலையும் அந்த அச்சத்தின் பின்னால் இருந்ததை மேரி பெத் மில்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். பெங்களூருவும் 1990களில் வந்தேறிகளால் வேகமாகப் பெருத்த நகரம். இரவில் கதவைத் தட்டுபவர் யாரென்று தெரியாத நிலை அங்கே பேய்க்கு முன்பே வந்துவிட்டது.

இறந்தோரைத் தமிழர் வரவேற்பதே இல்லையா? வரவேற்கின்றனர், வாசலை வெறுமையாக விட்டு. புரட்டாசி மகாளய அமாவாசையன்று முன்னோர் வருவர் என்பது நம்பிக்கை. அன்று நீர்க்கடன் முடியும்வரை பல வீடுகளில் கோலம் இடுவதில்லை. சாவு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகையும் தோரணமும் இல்லை. ஹாலோவீன் இறந்தோருக்காக வாசலை நிரப்புகிறது. தமிழ் வழக்கு அவர்களுக்காக வாசலைத் துடைத்துவிடுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்து 14 பேருக்குமேல் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் தீபாவளிப் பருவத்தில் சில வாரக் கூலிக்காகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து எல்லை தாண்டி வந்த இளைஞர்கள். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெறுமையாகக் கிடந்த வாசல்களின் பொருளை அந்த ஊர்களில் யாரும் எழுதிக்காட்ட வேண்டியிருந்திருக்காது.

இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அடுக்ககக் கதவின் ஹாலோவீன் வளையம் எங்கே விலகுகிறது என்பது புலப்படும். அது அயலிலிருந்து வந்தது என்பது பெரிய செய்தியன்று. பரங்கியும் செண்டுமல்லியும் அப்படி வந்தவையே. சிலந்தியும் மண்டையோடும் வைத்துக் கட்டுபவர் பேய்க்கு அஞ்சிக் கட்டவில்லை. பேய்க்கு அஞ்சுவதுபோல் விளையாடிக் கட்டுகிறார். அதைப் படிக்கவேண்டியவர் பக்கத்து வீட்டுக் குழந்தை. இந்த விளையாட்டில் பிழை ஏதுமில்லை; மாதக்கணக்கில் முகம் பார்க்காத அண்டைவீட்டார் ஓரிரவு கதவைத் திறந்துவைக்க அது வழிசெய்கிறது என்றால் நல்லதே. ஆனால் அச்சமின்றிக் கதவை அலங்கரிக்க அவர்களால் எப்படி முடிகிறது? காவல் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. அடுக்ககத்தின் வெளிவாயிலில் சீருடைக் காவலாளி, பெயரும் நேரமும் கேட்கும் பதிவேடு, கைப்பேசிச் செயலியில் ஒப்புதல், கண்காணிப்புக் கருவி. வேப்பிலையும் கடுகும் செய்த வேலையை இப்போது அவை செய்கின்றன. சங்ககாலத்து மனைவி தடுக்க முயன்றது பேயை. வெளிவாயில் நிறுத்திவைப்பது வீட்டுவேலைக்கு வரும் பெண்ணை, பொட்டலம் கொண்டுவரும் இளைஞனை, பூளைப்பூ விற்க வரும் கிழவியை. பழைய வாசல்களும் எல்லாரையும் ஏற்றவை அல்ல. சாதி பார்த்து வாசற்படிக்கு வெளியே நிறுத்திய வீடுகளின் தோரணமும் பசுமையாகத்தான் இருந்தது. எனவே இதைப் பொற்காலத்தின் வீழ்ச்சியாகச் சொல்ல இயலாது. விலக்கும் வேலை இலையின் கையிலிருந்து கூலிக்கு நிற்கும் ஒரு மனிதனின் கைக்கு மாறியிருக்கிறது. அந்த மனிதனின் கூண்டிலும் ஆயுதபூசைக்கு ஒரு மாவிலைச் சரம் தொங்குகிறது.

தை பிறக்கும் முன்னிரவில் அதே கதவுகளுள் சிலவற்றில் காப்புக்கட்டும் ஏறும். அடுக்ககத்தில் எரவாணம் இல்லை, கூரை மேல்வீட்டாருடையது. செருக இடமில்லாததால் இரும்புக் கிராதியில் நூலால் கட்டுகின்றனர். சில வீடுகளில் ஹாலோவீன் வளையத்துக்காக அடித்த ஆணி கதவில் இன்னும் இருக்கும். பூளைப்பூ அதில் நன்றாகவே நிற்கும்.